டயர் வெடிப்பது கடவுளின் செயல் அன்று

2010 அக்டோபர் 25 அன்று புனேயிலிருந்து மும்பைக்கு வந்துகொண்டிருந்த ஒரு காரின் பின்சக்கர டயர் வெடித்தது. கார் ஆழமான பள்ளத்தில் விழுந்தது. உடன் பணிபுரிந்தவரின் காரில் பயணம் செய்த ஒருவர், தம் குடும்பத்துக்கு ஒரே வருவாய்த் துணையாக இருந்தவர், உயிரிழந்தார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அக்குடும்பத்துக்கு ஏறத்தாழ 1.25 கோடி ரூபாய் வழங்க ஆணையிட்டது. காப்பீட்டு நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. டயர் வெடிப்பது கடவுளின் செயல், அதை ஓட்டுநரின் கவனக்குறைவாகக் கொள்ள இயலாது என்பது அதன் வாதம்.

2023-இல் நீதிபதி எஸ்.ஜி. திகே அவ்வாதத்தைத் தள்ளுபடி செய்தார். எந்த மனிதரும் பொறுப்பேற்க இயலாத, எதிர்பாரா இயற்கைச் சீற்றத்தையே சட்டம் கடவுளின் செயல் என்கிறது. டயர் வெடிப்பு அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது மனிதக் கவனக்குறைவு. மிகை வேகம், குறைந்த காற்று, மிகுந்த காற்று, பழைய டயர், வெப்பம் ஆகியவை அதன் காரணங்கள். புறப்படுமுன் டயரின் நிலையைப் பார்ப்பது உரிமையாளர் அல்லது ஓட்டுநரின் கடமை. தீர்ப்பின் சாரம் இதுவே.

இத்தீர்ப்பு காப்பீட்டுச் சட்டம் பயில்வோரிடையே பேசப்பட்ட அளவுக்கு, கார் ஓட்டுவதை ஓர் இன்பமாகக் கருதுவோரிடையே பேசப்படவில்லை. அவர்களுக்கே இது முதன்மையாக உரியது. வளைவுகளில் விறுவிறுப்பாக ஓட்டுவதற்காகக் காற்றைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பவர், தீர்ப்பு சுட்டும் காரணங்களுள் மூன்றைத் தம் கையாலேயே மாற்றி அமைக்கிறார். அவ்வாறு மாற்றுவது குற்றமன்று. அளவுமானி இல்லாமல், கேள்விப்பட்ட எண்ணை நம்பி, பொதுச்சாலையில் அதைச் சோதித்துப் பார்ப்பதே குற்றம். சோதனைக்கு உரிய இடம் வேறு. சாலைக்கு உரிய எண் வேறு.

டயரைப் பற்றிய அடிப்படை உண்மை ஒன்று உண்டு. வண்டியின் எடையைத் தாங்குவதில் பெரும்பங்கு ரப்பருடையதன்று; உள்ளே அடைபட்ட காற்றினுடையது. 1,000 கிலோ எடையுள்ள ஒரு சிறு காரில் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் சராசரியாக 250 கிலோ இறங்குகிறது. 32 பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ. ஆகவே தரையைத் தொடும் பரப்பு ஒரு டயருக்கு ஏறத்தாழ 110 சதுர சென்டிமீட்டர். ஓர் உள்ளங்கை அளவு. பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே நடக்கின்றன.

காற்று குறைந்தால் அந்தப் பரப்பு பெருகும். இதிலிருந்தே முதல் மூடநம்பிக்கை பிறக்கிறது: காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது. நேர்கோட்டில் மெதுவாகச் செல்லும்போது அதில் சிறிது உண்மை இருக்கலாம். வளைவில் வேகமாகத் திரும்பும்போது, காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் மடிந்து, தரையில் பதிய வேண்டிய நடுப்பகுதி தூக்கப்படுகிறது; டயர் தன் தோளின் மீது உருள்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு வண்டி சற்றுத் தாமதித்தே திரும்புகிறது. அதைவிடப் பெரிய கேடு, ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடிந்து நிமிர்வதால் எழும் வெப்பம். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் அது சேரும்போது, ரப்பரும் உள்ளிருக்கும் எஃகு இழைப் பட்டைகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்கும். வெடிப்பு என்று நாம் காண்பது பெரும்பாலும் அந்தப் பிரிவின் கடைசிக் கணம்.

இரண்டாவது மூடநம்பிக்கை இதற்கு நேர் எதிரானது: காற்றைக் கூட்டினால் மைலேஜ் கூடும், வண்டி கூர்மையாகத் திரும்பும் என்பது. ஓரளவு வரை அது உண்மை. அளவு கடந்தால் டயர் நடுவில் புடைத்து, அந்த நடுப்பகுதியை மட்டுமே ஊன்றுகிறது. பிரேக் தூரம் நீள்கிறது. மேடுபள்ளங்களில் சக்கரம் தரையைவிட்டுத் துள்ளுகிறது. மும்பைச் சாலைப் பள்ளங்கள் இரு பிழைகளையும் தண்டிக்கின்றன. காற்று குறைந்த டயர் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கிப் பக்கச்சுவரில் வீங்குகிறது. காற்று மிகுந்த டயர் அடியை உள்வாங்காமல் நேராக ஏற்கிறது.

அப்படியானால் சரியான எண் எது? அந்த எண் காரிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ உள்ள ஸ்டிக்கரில் பொதுவாக இரு நிரைகள் இருக்கும்: ஓரிருவர் மட்டும் செல்லும்போது ஒன்று, முழுச் சுமைக்கு மற்றொன்று. டயரின் பக்கச்சுவரில் பொறித்த எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். நிரப்ப வேண்டிய அளவு அன்று. பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கின்றனர். சாலையில் சற்று விறுவிறுப்பாக ஓட்ட விரும்புவோருக்கு, முழுச் சுமைக்கான எண்ணே பெரும்பாலும் போதுமானது. அது சாதாரண எண்ணைவிடச் சிறிதளவே கூடுதல், ஸ்டியரிங்கின் மறுமொழி கூர்மையாகும், ஆபத்து இல்லை. ஸ்டிக்கரின் எண்ணுக்குக் கீழே இறங்குவதற்குச் சாலையில் எந்த நியாயமும் இல்லை.

மும்பைக்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். இந்நகரில் பல கார்களின் டிக்கியில் பிற்பாடு பொருத்தப்பட்ட சி.என்.ஜி. சிலிண்டர் இருக்கிறது. எஃகு உருளையும் தாங்கியும் சேர்ந்து 60 கிலோ அளவில் எடை, நிரந்தரமாகப் பின்சக்கரங்களின் மீது. ஸ்டிக்கர் அச்சிடப்பட்டபோது அந்தச் சிலிண்டர் இல்லை. பின்னிருக்கையில் மூவரும் சிலிண்டரின் மேல் பெட்டிகளுமாக லோணாவலா மலைப்பாதையில் ஏறும் வண்டியின் பின்டயரில் சாதாரண எண் இருந்தால், அது ஏற்கெனவே காற்றுக் குறைவான டயர்தான்.

எண்ணை அறிந்தாலும், அளக்கும் வேளை தவறினால் பயனில்லை. ஸ்டிக்கரின் எண் குளிர்ந்த டயருக்கு உரியது; குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டிக்கு. அடைபட்ட காற்றின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும். 10 பாகை செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ 1.5 பி.எஸ்.ஐ. கூடும். 25 பாகையில் 32 வைத்துப் புறப்பட்ட டயர், ஓடி 55 பாகையை எட்டும்போது 36-ஐத் தாண்டிக் காட்டும். செம்பூரிலிருந்து வாஷி பாலம் கடந்து போய் ஒரு பெட்ரோல் பங்கில் அளக்கும் ஒருவர், அந்த 36-ஐக் கண்டு திடுக்கிட்டு 32-க்கு இறக்கச் சொல்கிறார். டயர் மீண்டும் குளிரும்போது உள்ளே இருப்பது 28-க்கும் கீழே. பாதுகாப்புக்காகச் செய்த செயலே டயரைப் பட்டினி போட்டுவிட்டது. நைட்ரஜன் நிரப்பினால் இந்தக் கவலை இல்லை என்பதும் பொய். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வெப்பத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே விரிகின்றன. நைட்ரஜனில் ஈரம் இல்லை, கசிவு சற்றுக் குறைவு என்பவை மட்டுமே உண்மையான நன்மைகள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கையடக்க அளவுமானி, விடியற்காலையில் வீட்டு வாசலில், அதைவிட மேலான பணியைச் செய்யும்.

இனி ஆட்டோகிராஸ். பரந்த சமதரையில் கூம்புகளை நட்டு வளைவுகள் அமைத்து, ஒவ்வொரு காராகத் தனித்தனியே விட்டு, நொடிக்கணக்கில் நேரம் அளக்கும் போட்டி இது. அமெரிக்காவில் பெரும்பாலும் தார் அல்லது கான்கிரீட் தரையிலும், இந்தியாவில் பெரும்பாலும் மண் தரையிலும் நடக்கிறது. வேகம் நெடுஞ்சாலை அளவைத் தாண்டுவது அரிது. ஆனால் வளைவுகள் அடுத்தடுத்து வருவதால் டயரின் தோளுக்குக் கடுஞ்சோதனை. காற்றழுத்தத்தை மாற்றி அதன் விளைவைக் கற்க இதைவிடச் சிறந்த பள்ளி இல்லை.

கடினத் தரையில் அந்தக் கற்றல் முறை மிக எளியது. டயரின் தோளில் சுண்ணக்கட்டியால் நடுப்பரப்பிலிருந்து பக்கச்சுவர் வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். பல டயர்களில் தோளோரம் ஒரு சிறு முக்கோணக் குறி இருக்கும். ஓடி வந்தபின் சுண்ணம் அந்த முக்கோணத்தையும் தாண்டிப் பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மிகையாக மடிகிறது, 2 பி.எஸ்.ஐ. கூட்ட வேண்டும். முக்கோணத்தை எட்டாமலே சுண்ணம் எஞ்சியிருந்தால் காற்று அதிகம். 2 குறைக்க வேண்டும். ஒரு நேரத்தில் முன்னச்சையோ பின்னச்சையோ மட்டும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் ஓட்ட நேரத்தோடு குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஓட்டத்துக்கு ஓட்டம் டயர் சூடேறி அழுத்தம் உயர்வதால், ஒவ்வொரு முறையும் அளந்து, ஏறியதைக் கழிக்க வேண்டும். நம் சிறு கார்களின் பக்கச்சுவர்கள் உயரமானவை, மென்மையானவை. ஆகவே அவை களத்தில் ஸ்டிக்கர் எண்ணைவிடக் கணிசமாகக் கூடுதலான முன்டயர் அழுத்தத்தைக் கேட்பது இயல்பு.

முன்சக்கர இயக்கக் கார்களில் இன்னொரு உத்தி உண்டு. அவற்றின் எடை முன்பக்கம் குவிந்திருப்பதால், வளைவில் மூக்கு வெளியே வழுக்கிச் செல்லும். பின்டயர்களில் காற்றை வேண்டுமென்றே மிகுத்து அவற்றின் பிடிப்பைக் குறைத்தால், வால் சற்று வெளியேறி வண்டி எளிதில் திரும்பும். களத்தில் அது திறமை. சறுக்கினால் ஒரு கூம்பு விழும், நேரத்தில் சில நொடிகள் தண்டமாகக் கூடும். அதே அழுத்தத்தோடு ஜூலை மாத இரவில் கிழக்கு ஃப்ரீவேயில் செம்பூர் நோக்கி வருபவர், ஈர வளைவில் பிரேக்கைத் தொட்ட கணமே வால் முன்னால் வந்துவிடும் ஒரு வண்டியை ஓட்டுகிறார். களத்தில் வென்ற எண்ணை வீடு திரும்புமுன் மாற்றாமலிருப்பது, நீதிமன்றம் சொன்ன பொருளில், கவனக்குறைவு.

மழையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சாலையில் தேங்கிய நீரைப் பிதுக்கித் தள்ளி டயர் தரையைத் தொட வேண்டும்; தள்ள முடியாதபோது வண்டி நீரின் மீது மிதக்கிறது, ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றுப் போகின்றன. 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை ஆராய்ந்து ஒரு தோராய விதி கண்டனர்: மிதக்கத் தொடங்கும் வேகம் டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதன்படி 32 பி.எஸ்.ஐ.-இல் அவ்வேகம் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீட்டர். 24-இல் ஏறத்தாழ 82. கார் டயரின் பள்ளங்களும் நீரின் ஆழமும் இந்த எண்களை மாற்றும், திசை மாறாது. குறைந்த காற்று மழையில் பிடிப்பைத் தரும் என்று நம்பி இறக்குபவர், மிதக்கும் வேகத்தைத் தம்மை நோக்கி இழுத்துக்கொள்கிறார். மாதுங்காவின் கிங்ஸ் சர்க்கிளில் ஆண்டுதோறும் தேங்கும் நீரை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு களத்துக்குப் பொருந்திய டயர் மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போவது உலகின் உச்ச நிலையிலும் நிகழ்ந்திருக்கிறது. 2005 ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீயில் 20 ஃபார்முலா ஒன் கார்கள் களத்துக்கு வந்தன; ஓடியவை 6 மட்டுமே. இரு நாட்களுக்கு முன், சாய்தளமாக எழுப்பப்பட்ட 13-ஆம் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டயர் சிதைந்து கார் சுவரில் மோதியிருந்தது. அவ்வளைவின் சுமையைத் தம் டயர்கள் முழு வேகத்தில் தாங்குமென உறுதியளிக்க இயலாது என்று மிஷெலின் நிறுவனம் அறிவித்தது. அதன் டயர்களைப் பூட்டிய 14 கார்களும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் ஒதுங்கிக்கொண்டன. எஞ்சிய பிரிட்ஜ்ஸ்டோன் கார்களில் ஒன்றை ஓட்டிய கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளிகள் பெற்ற முதல் இந்தியரானார். தமிழர்கள் அந்த நான்காம் இடத்தை நினைவில் வைத்திருக்கிறோம். ஒதுங்கிய 14 கார்களையும் நினைவில் வைக்க வேண்டும். பார்வையாளர் கூச்சலிட்டனர், விளையாட்டின் பெயர் கெட்டது, ஆனால் நம்பிக்கையில்லாத டயரோடு எவரும் அவ்வளைவுக்குள் அனுப்பப்படவில்லை. உலகின் சிறந்த பொறியாளர்களே ஒரு வளைவுக்கு முன் தயங்கி நின்றபோது, ஒரு வாட்ஸ்அப் குழுவில் படித்த எண்ணோடு ஃப்ரீவே வளைவில் பாய்பவருக்கு என்ன உறுதி இருக்கிறது?

இதுவரை சொன்னவற்றுக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். இரண்டும் நியாயமானவை.

முதலாவது வர்க்கம் சார்ந்தது. தாராவியிலிருந்து நாள் வாடகைக்கு டாக்ஸியோ டெம்போவோ எடுத்து ஓட்டுபவருக்கு டயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. முதலாளி பூட்டித் தந்த பழைய டயரில் அவர் ஓட்டுகிறார், ஸ்டெப்னியும் தேய்ந்திருக்கும். உரிமையாளர் அல்லது ஓட்டுநர் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு சொல்லும்போது, நடைமுறையில் அச்சொல் ஓட்டுநரின் தலையிலேயே இறங்கக்கூடும். எனவே பொறுப்பைப் பிரித்துச் சொல்ல வேண்டும். காற்றை அளப்பது ஓட்டுநரின் கடமை. அளக்கத்தக்க டயரைத் தருவது உரிமையாளரின் கடமை. ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும் அது பிறந்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கங்களில் உள்ளன. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பழைய டயர் விற்கும் கடையில் பள்ளங்கள் ஆழமாகத் தெரிந்தாலும், அந்த நான்கு இலக்கங்கள் ரப்பரின் முதுமையைக் காட்டிக்கொடுக்கும். வாடகை வண்டிகளின் தகுதிச் சான்றில் டயரின் வயதும் இடம்பெற வேண்டும். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டுமென்பது ஏற்கெனவே உள்ள விதி. அங்குள்ள அளவுமானி சரியாக இருக்கிறதா என்பதையும் எடைக்கற்களைச் சோதிப்பதுபோல் சோதிக்க வேண்டும். சாலைப் பள்ளத்தால் பக்கச்சுவர் கிழிந்த டயருக்கு மாநகராட்சியும் பொறுப்பேற்க வேண்டும். மனிதக் கவனக்குறைவு என்ற சொல்லில் சாலை போட்டவரும் அடங்குவார்.

இரண்டாவது மறுப்பு இளைஞர்களுடையது: சோதனைக்களத்துக்குப் போ என்கிறீர்கள், மும்பையில் களம் எங்கே? தமிழ்நாட்டில் இதற்கு விடை உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன; 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான களம் அமைத்தது; கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் வந்தது. ஃபியட் கார்களைக் குர்லாவிலேயே தயாரித்த மும்பைக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை. நள்ளிரவில் ஃப்ரீவேயும் பாந்த்ரா-குர்லா வளாகத்தின் அகன்ற சாலைகளும் பந்தயக்களமாவதற்கு இளைஞரின் பொறுப்பின்மை மட்டுமே காரணமன்று. வேறிடம் இன்மையும் காரணம்.

ஆனால் ஆட்டோகிராஸுக்கு பந்தயத்தடமே தேவையில்லை. ஒரு பெரிய வாகன நிறுத்துமிடம், ஞாயிறு காலை ஆறு மணி நேரம், கூம்புகள், தலைக்கவசம், ஒரு ஆம்புலன்ஸ் போதும். கண்காட்சிகளுக்கு வாடகைக்கு விடப்படும் மைதானங்களும், கிழக்குக் கடலோரத்தில் துறைமுகத்தின் வெற்றுத் தளங்களும் இந்நகரில் உள்ளன. மாதம் ஒருமுறை அவற்றுள் ஒன்றை, அங்கீகரிக்கப்பட்ட மோட்டார் விளையாட்டு மன்றத்தின் மேற்பார்வையில், குறைந்த கட்டணத்தில் திறந்துவிடலாம். நுழைவாயிலில் ஒவ்வொரு காரின் டயரும் அளக்கப்படட்டும். வெளியேறும்போது, ஸ்டிக்கர் எண்ணுக்குத் திரும்பிவிட்டதா என்று மீண்டும் அளக்கப்படட்டும். இந்த இரண்டாவது அளவை முதலாவதைவிட முக்கியமானது. ஏனெனில் அதன்பிறகு அவ்வண்டி செல்லும் சாலையில் பிறரும் இருக்கிறார்கள்.

2010-இல் இறந்தவர் அந்தக் காரை ஓட்டவில்லை. அதன் டயரில் எவ்வளவு காற்று இருந்தது என்பதை அறியும் வாய்ப்பும் அவருக்கு இருந்திருக்காது. பயணிகள் எல்லாரும் அப்படித்தான்: ஓட்டுபவர் காலையில் அளந்திருப்பார் என்று நம்பியே கதவைச் சாத்துகிறார்கள். அந்த அளவைக்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். அதைச் செய்யாதவர் பின்னர் கடவுளைச் சாட்சிக்கு அழைக்க முடியாது என்பதைத்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.